பார்க்கை விட்டு வர மறுக்கும் பழைய பிக்கப்

கேள்வி இதுதான். டெக்சஸில் ஆஸ்டின் பக்கம் இருக்கும் ஒரு தம்பி, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1999 ஃபோர்டு எஃப்-150 ஒன்றை வாங்கியிருக்கிறார். ஆட்டோமேட்டிக், கியர் லீவர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும் வகை. சரிவான டிரைவ்வேயில் மூன்று மாதமாக நின்ற வண்டி. என்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, பிரேக்கை மிதித்தால் பெடல் இறங்குகிறது, ஆனால் லீவர் பார்க்கிலிருந்து, அதாவது வண்டியை நிறுத்தி வைக்கும் நிலையிலிருந்து, நகரவில்லை. இழுவை வண்டிக்காரரோ, "நியூட்ரலில் போட்டு வையுங்கள், வருகிறேன்" என்று சொல்லிவிட்டார். "பலமாக இழுத்தால் வந்துவிடுமா அண்ணா, உடைந்துவிடுமா?" என்று கேட்கிறார்.

உடைந்துவிடும் தம்பி. நானே ஒன்றை உடைத்திருக்கிறேன். அமெரிக்கா வந்த புதிதில், இதேபோல ஸ்டியரிங்கில் லீவர் உள்ள பழைய வண்டியில் இரண்டு கையாலும் தொங்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம். லீவர் வந்தது, கியர் வரவில்லை. ஸ்டியரிங் கம்பத்துக்குள்ளே லீவரைத் தாங்கும் வார்ப்பு உலோகத் துண்டு இரண்டாகப் போயிருந்தது. அன்று மெக்கானிக்குக் கொடுத்த கூலியில் பாதி என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம். அதனால் லீவரில் பலத்தைக் காட்டாதீர்கள். அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வண்டியின் எடை பிடித்திருக்கலாம், பிரேக்கோடு சேர்ந்த மின் பூட்டு பிடித்திருக்கலாம், ஸ்டியரிங் பூட்டு பிடித்திருக்கலாம், லீவரிலிருந்து கீழே கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள் மக்கர் செய்யலாம். ஆளுக்கு ஆள் வைத்தியம் வேறு.

அதற்கு முன் ஒரு வேலை. நம் ஊர் லாரியில் கிளீனர் பையன் வண்டி நிற்பதற்குள் குதித்து, கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பானே, அதைச் செய்யுங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் இரண்டு சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக் முழுசாக. அந்த எஃப்-150இல் ஹேண்ட்பிரேக் என்பது இடது ஓரத்தில் காலால் மிதிக்கும் பெடல்தான். செங்கல் வேண்டாம், எடை ஏறினால் நொறுங்கும். சுமார் நான்கு அங்குலத் தடிமனுள்ள சதுரக் கட்டைத் துண்டு நல்லது. நியூட்ரல் விழுந்த அந்த நொடியில் சுமார் இரண்டு டன் இரும்பைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இருக்காது. வண்டி சரிவில் உருளக்கூடிய பக்கம் ஆள், குழந்தை, நாய் எதுவும் நிற்கக் கூடாது.

சரி, இப்போது எடை. இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் சரிவில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான்.

கையால் கியர் போடும் வண்டி ஓட்டிப் பழகிய நமக்குப் பார்க் என்பதே புதுசு. பிரேக் மாதிரி ஏதோ ஒன்று சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. டிரான்ஸ்மிஷனுக்குள்ளே, அதாவது கியர்பாக்ஸுக்குள்ளே, பின்சக்கரத்துக்குப் போகும் தண்டில் பல் வைத்த ஒரு வளையம் இருக்கிறது. பார்க்கில் போட்டால் விரல் பருமனுள்ள ஓர் இரும்பு நாக்கு அந்தப் பல் இடைவெளியில் போய் விழும். அவ்வளவுதான். ஹேண்ட்பிரேக் போடாமல் சரிவில் பார்க்கில் போட்டுவிட்டு இறங்கினால், வண்டி ஓர் அங்குலம் உருண்டு, மொத்த எடையோடு அந்த நாக்கின் மேல் சாய்ந்துகொள்ளும். மூன்று மாதம் அப்படியே சாய்ந்து நின்றிருக்கிறது உங்கள் வண்டி.

நம் வீட்டு மரக்கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கதவு பருத்து நின்றால் தாழ் இறுகிவிடும். அம்மா என்ன செய்வார்? தாழோடு மல்லுக்கட்ட மாட்டார். தோளால் கதவை ஒரு சின்னத் தள்ளு, அதே நேரத்தில் இரண்டு விரலால் தாழை இழுப்பார், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இங்கேயும் அதேதான். வண்டியை மேட்டுப் பக்கமாக ஓர் அங்குலம் நகர்த்தினால் நாக்கின் மேலிருக்கும் சுமை விலகும்.

எப்படி நகர்த்துவது? சரிவு லேசாக இருந்தால் நீங்கள் உள்ளே உட்காருங்கள், என்ஜின் ஓடட்டும், ஹேண்ட்பிரேக்கை மட்டும் அந்த நேரத்துக்கு எடுத்துவிடுங்கள். வெளியே இரண்டு பேர் பக்கவாட்டில் கதவுச் சட்டத்தைப் பிடித்து மேட்டுப் பக்கம் தள்ளட்டும். கீழ்ப்பக்கம் நின்று தள்ளக் கூடாது. வண்டி ஓர் அங்குலம் மேலே ஏறி அசைந்த கணத்தில் கால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது எடையைச் சுமப்பது பிரேக். நாக்கு சும்மா கிடக்கிறது. லீவர் நகர்கிறதா பாருங்கள். அது கிளம்பும்போது 'டொங்' என்று கீழிருந்து ஒரு சத்தம் வரலாம், பயப்பட வேண்டாம்.

சரிவு கூடுதலாக இருந்தால் ஆள் பலம் போதாது. மேட்டுப் பக்கத்தில் இன்னொரு வண்டியை நிறுத்தி, நல்ல இழுவைப் பட்டையால் இரண்டையும் கட்டி, மெதுவாக, பட்டை விறைக்கும் அளவுக்கு மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பட்டையோ கொக்கியோ அறுந்து பறக்கும்.

இன்னொன்று. லீவரை இழுக்கும்முன் ஒருமுறை பார்க்கின் பக்கமே நன்றாக உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு வெளியே இழுங்கள். ஸ்டியரிங்கில் உள்ள லீவர் என்றால் முதலில் உங்கள் பக்கமாக இழுத்து, அப்புறம்தான் கீழே இறக்க வேண்டும். பாதி வழியில் நிற்கும் லீவரில் மின் பூட்டு சரியாக விலகாது. சிரிக்காதீர்கள், இதிலேயே தீர்ந்துபோன கேஸ்கள் உண்டு.

எடையை எடுத்த பிறகும் அசையவில்லை என்றால் மின் பூட்டுக்கு வருவோம்.

90களிலிருந்து பல பிக்கப்களில் பிரேக்கை மிதித்தால்தான் பார்க்கிலிருந்து லீவர் வரும் என்ற ஏற்பாடு இருக்கிறது. 1986 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, ஆடி 5000 கார் தானாகப் பாய்கிறது என்று காட்டியது. நாடே அலறியது. 1989இல் அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து சொன்ன முடிவு, பிரேக்கென்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததுதான் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் என்பது. இதற்கு மருந்தாக வந்ததுதான், கால் பிரேக்கில் இருந்தால் மட்டும் லீவரை விடும் பூட்டு. ஆடி நிறுவனம் முதலில் போட்டது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். 2010 செப்டம்பர் 1 முதல் தயாராகும் ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் இலகு ரகப் பிக்கப்களுக்கும் அமெரிக்காவில் இது சட்டப்படி கட்டாயம். 80களின் பிக்கப் என்றால் பெரும்பாலும் இந்தப் பூட்டு இருக்காது. அப்போது இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

பூட்டு என்பது ஒரு சொலினாய்டு, அதாவது கரண்ட் வந்தால் ஊசியை நகர்த்தும் கம்பிச்சுருள். அதற்கு நீங்கள் பிரேக் மிதித்த செய்தியைச் சொல்வது பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் லைட் சுவிட்ச். ஆகவே முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். மாலை இருட்டியபின் வண்டியில் உட்கார்ந்து, சாவியை ஆன் செய்து, பிரேக்கை மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். சுவரிலோ செடியிலோ சிவப்பு வெளிச்சம் விழுகிறதா? விழவில்லை என்றால் நோயைப் பிடித்துவிட்டீர்கள். ஃபியூஸ் போயிருக்கும், அல்லது சுவிட்ச் போயிருக்கும். லீவருக்குக் கோளாறே இல்லை, நீங்கள் மிதிப்பது அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஃபியூஸ் போயிருந்தால் புதுசு மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஏன் போனது என்று கேளுங்கள். பிக்கப்பில் நான் முதலில் பார்க்கும் இடம் பின் பம்பருக்கு அடியில், டிரெய்லரின் விளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரெய்லர் பிளக். ஒரு நண்பரின் வண்டியில் வாரத்துக்கு ஒரு ஃபியூஸ் எரிந்துகொண்டிருந்தது. குனிந்து மூடியைத் திறந்தால், செம்பு முனைகள் எல்லாம் செம்புப் பாத்திரத்தில் புளித் தண்ணீர் ஊற்றி மறந்துவிட்டதுபோலப் பச்சையாகப் பூத்து, இரண்டு முனைகளை அந்தப் பச்சையே பாலம் போட்டு இணைத்திருந்தது. படகு இழுத்த வண்டி. பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகு ஃபியூஸ் எரியவில்லை.

பிரேக் லைட் எரிகிறது, ஆனாலும் லீவர் வரவில்லை என்றால் ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சாவி ஆனில் இருக்க, பிரேக்கை மிதித்து மிதித்து விடுங்கள். ஸ்டியரிங் கம்பத்தின் அடியில் 'டிக், டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் சொலினாய்டு உயிரோடு இருக்கிறது, வேறெங்கோ இறுக்கம். கேட்கவில்லை என்றால் நீங்கள் மிதித்த செய்தி அதற்குப் போய்ச் சேரவில்லை, அல்லது அது கெட்டுவிட்டது.

இப்போது உங்களுக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காலத்து ஃபோர்டில் இந்தப் பூட்டு, சாவி ஆனில் இருக்கும்போது கரண்ட் வாங்கித்தான் பூட்டும். பிரேக் மிதித்தால் கரண்ட் அறுந்து விடுபடும். அப்படியென்றால் சாவி ஆனில் இல்லாவிட்டால்? பூட்ட ஆளே இல்லை! அந்தக் கால ஃபோர்டு கையேட்டிலேயே இந்த வழி இருக்கிறது. ஹேண்ட்பிரேக் போடுங்கள். சாவியை லாக் வரை திருப்பி வெளியே எடுங்கள். மறுபடி செருகி, ஒரே ஒரு கட்டம், அதாவது ஸ்டியரிங் பூட்டு விடுபடும் ஆஃப் நிலை வரை மட்டும் திருப்புங்கள். ஆன் வரை போகக் கூடாது. பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை நியூட்ரலுக்கு இறக்குங்கள். வந்துவிட்டதா? அங்கேயே வைத்து என்ஜினை ஸ்டார்ட் செய்யலாம், நியூட்ரலிலும் ஸ்டார்ட் ஆகும். இந்த வழியால்தான் லீவர் வந்தது என்றால் உங்கள் பிரேக் லைட் எரியாமல் இருக்கலாம், அதோடு ரோட்டில் போகாதீர்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிறுத்துவது தெரியாது.

90களின் ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். சாவியை ஆஃபில் வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்து, நியூட்ரலுக்கு மாற்றி, அப்புறம் ஸ்டார்ட். தரையில் லீவர் உள்ள டொயோட்டா டகோமா மாதிரி வண்டிகளில் வேறு ஏற்பாடு. லீவருக்குப் பக்கத்தில் நகக்கண் அளவு ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். பொடி திருப்புளியால், கீறல் விழாமல் இருக்க நுனியில் துணி சுற்றி, நெம்பி எடுங்கள். உள்ளே இருக்கும் பொத்தானைத் திருப்புளியால் அழுத்திக்கொண்டே, பிரேக்கை மிதித்தபடி லீவரை நகர்த்தினால் வந்துவிடும். இந்த வகையில் பூட்டைத் திறக்கத்தான் கரண்ட் தேவை. எனவே பேட்டரி செத்தால் லீவரும் செத்துவிடும். இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கம்பி போட்டு ஜம்ப் கொடுத்தாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். ஆக, பேட்டரி செத்தால் ஒரு வண்டியில் லீவர் விடுபடும், இன்னொன்றில் பூட்டிக்கொள்ளும். யாரோ ஒருவர் தன் வண்டிக்குச் சொன்ன வைத்தியம் உங்கள் வண்டிக்குப் பலிக்காமல் போவது இதனால்தான்.

ராம் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. 2017 டிசம்பரில் சுமார் 18 லட்சம் ராம் பிக்கப்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அங்கே பிரச்சினை நேர் எதிர். பிரேக்கை நெடுநேரம் மிதித்தே வைத்திருந்தால் பூட்டின் ஊசி சூட்டில் திறந்தபடியே மாட்டிக்கொண்டு, பிரேக் மிதிக்காமலேயே, சாவி இல்லாமலேயே லீவர் நகர வாய்ப்பு இருந்தது. பார்க்கை விட்டு வராத வண்டி தொல்லை. தானாக வந்துவிடும் வண்டிதான் ஆளைக் கொல்லும். எனவே கோபத்தில் அந்தப் பூட்டைக் கழற்றி எறிந்துவிடும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், அதுவும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால்.

சாவியே திரும்பவில்லை என்றால் அது ஸ்டியரிங் பூட்டு. முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் முட்டி நின்றால் இப்படி ஆகும். ஒரு கையால் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக அழுத்தி ஆட்டிக்கொண்டே மறு கையால் சாவியை மெதுவாகத் திருப்புங்கள். சாவி தொலைந்துபோயிருந்தால், சிப் வைத்த சாவி தேவைப்படும் வண்டியாக இருந்தாலும், பூட்டுக்காரரிடம் சிப் இல்லாத சாதாரணச் சாவி வெட்டினாலே ஸ்டியரிங் திறந்து நியூட்ரலுக்கு வந்துவிடலாம். என்ஜின் ஓடாது, ஆனால் இழுத்துப் போக அது போதுமே.

அடுத்து கேபிள். இதைப் பிரித்தறிவது சுலபம். லீவர் கல்லாக நிற்கிறது என்றால் பூட்டு அல்லது எடை. லீவர் வெண்ணெயில் கத்தி மாதிரி எங்கும் போகிறது, வண்டி மட்டும் பார்க்கிலேயே நிற்கிறது என்றால் கேபிள் கழன்றிருக்கிறது. பழைய வண்டிகளில் கேபிளின் கீழ் நுனியில் சுண்டைக்காய் அளவு ஒரு பிளாஸ்டிக் புஷ், அதாவது நுனியைப் பிடித்து வைக்கும் வளையம், இருக்கும். வெயிலும் எண்ணெயும் பட்டு அது உதிர்ந்துவிடும். குளிர்ப் பிரதேசத்தில் கேபிள் உறைக்குள் தண்ணீர் புகுந்து உறைந்தும் லீவர் நிற்கும். வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும், மறுநாள் காலை மறுபடி நிற்கும்.

கேபிள் போயிருந்தால் கீழே படுத்துத்தான் ஆக வேண்டும். என்ஜின் நிறுத்தி, சாவி உங்கள் சட்டைப் பையில், நான்கு சக்கரத்துக்கும் இருபுறமும் கட்டை. டிரான்ஸ்மிஷனின் பக்கவாட்டில், ஓட்டுநர் பக்கம், கேபிள் வந்து சேரும் ஒரு சின்ன இரும்புக் கை தெரியும். கேபிளின் நுனியைத் திருப்புளியால் நெம்பிக் கழற்றி, அந்தக் கையை உங்கள் கையாலேயே நகர்த்தலாம். பார்க் ஒரு கோடி. அங்கிருந்து முதல் 'க்ளிக்' ரிவர்ஸ், இரண்டாவது 'க்ளிக்' நியூட்ரல். அங்கே நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கும் கட்டையும் பிடிக்கவில்லை என்றால் அந்த இரண்டாவது க்ளிக்கில் வண்டி உங்கள் மேல்தான் ஏறும். சரிவில் இதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உங்கள் டிரைவ்வேயில் வேண்டவே வேண்டாம்.

உங்கள் எஃப்-150 ஃபோர் வீல் டிரைவா என்று சொல்லவில்லை. தரையில் அதற்கென்று தனியாக ஒரு குட்டி லீவர் இருந்தால், அதில் N (நியூட்ரல்) என்று ஒரு நிலை இருக்கும். அதில் போட்டால் டிரான்ஸ்மிஷனுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பே அறுந்துவிடும். மேலே பார்க்கில் இருந்தாலும் வண்டி உருளும். பெரிய லீவரோடு போராடி இரண்டு மணி நேரம் வீணடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வழி முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பட்டனால் மாற்றும் வகையில் இந்த நிலை இல்லாமலும் இருக்கலாம். வேலை முடிந்ததும் அதை மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த N நிலையில் விட்டுவிட்டுப் பார்க்கில் போட்டுவிட்டோம் என்று நம்பி இறங்கினால் வண்டி போய்விடும்.

நியூட்ரல் விழுந்தும் வண்டி நகராவிட்டால் குழம்ப வேண்டாம். மூன்று மாதம் நின்ற வண்டியில் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்துப் பின் பிரேக் இறுகியே நிற்பது சகஜம். பின்சக்கரத்தின் டிரம்மை மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் பல நேரம் விடுபடும்.

இழுத்துப் போகும்போது பின்சக்கரம் தரையில் உருளும்படி இழுக்க விடாதீர்கள். என்ஜின் ஓடாதபோது டிரான்ஸ்மிஷனுக்குள் எண்ணெய் சுற்றாது, உள்ளே காய்ந்து தேயும். ஃபோர்டு கையேடுகளில் பொதுவாக மணிக்கு 35 மைல் வேகம், 50 மைல் தூரம் என்று எல்லை போட்டிருப்பார்கள். நான் அந்த எல்லையைக்கூடப் பயன்படுத்த மாட்டேன். தட்டு லாரியில் ஏற்றச் சொல்லுங்கள், அல்லது பின்பக்கம் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள். என்ஜின் நின்ற நிலையில் பிரேக் ஓரிரு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். உள்ளே உட்காருபவருக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: இன்று மாலை கட்டை வையுங்கள், இருட்டியதும் பிரேக் லைட்டைப் பாருங்கள், பிறகு அந்த ஆஃப் நிலை வழியை ஒருமுறை செய்யுங்கள். வரவில்லை என்றால் நாளை பகலில் மேட்டுப் பக்கம் ஒரு வண்டி வைத்து எடையை எடுங்கள். லைட் எரிந்ததா, 'டிக்' கேட்டதா என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள், மீதியை அதிலிருந்து பார்ப்போம். இழுவை வண்டிக்காரரை அதற்குப் பிறகு கூப்பிட்டால் போதும். ஃபியூஸ்தான் என்றால் அவர் தேவையே படாது.